பாதியில் நிற்கத் தெரிந்த ஆப்ஜெக்ட்: பிரவுசரில் ஓடும் சிமுலேஷன்

ஒரே ஒரு கவுன்ட்டர். சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். ஒருவரைக் கவனித்து அனுப்பச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. வருகிற வேகத்தைவிட அனுப்புகிற வேகம் அதிகம், அப்புறம் கூட்டம் எங்கிருந்து சேரும் என்று தோன்றும். ஆனால் வருகைகளின் இடைவெளியும் சேவை நேரமும் எக்ஸ்போனென்ஷியல் பரவலில் (பெரும்பாலும் குறைவாக, எப்போதாவது மிக நீளமாக) ஏறி இறங்குகிறவை என்றால், வரிசையில் ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரம் 16 நிமிடம். சேவை நேரம் வெறும் அரை நிமிடம் கூடி 4.5 ஆனால், காத்திருப்பு 40.5 நிமிடமாகத் தாவிவிடும்.

எம்/எம்/1 என்று அழைக்கப்படும் இந்த ஒரு கணக்குக்குச் சூத்திரம் உண்டு, காகிதத்திலேயே போட்டுவிடலாம். நிஜ இடங்கள் அப்படி அடங்குவதில்லை. பொறுமையிழந்து கிளம்பிப் போகிறவர்கள், முன்னுரிமை பெற்றவர்கள், கூட்டம் கூடினால் மட்டும் திறக்கிற இரண்டாவது கவுன்ட்டர், நடுவில் பழுதாகிற இயந்திரம் என்று நாலு விஷயம் சேர்ந்ததும் சூத்திரம் கையை விரித்துவிடும். அந்த இடத்தையே நிரலாக எழுதி, ஓடவிட்டு, என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. டிஸ்கிரீட் ஈவென்ட் சிமுலேஷன் என்பது அதுதான். அதை ஒரு வலைப்பக்கத்தில் வைத்துவிட்டால், எதையும் இன்ஸ்டால் செய்யாமல், முடிவெடுக்க வேண்டியவரே ஸ்லைடரை நகர்த்தி "இன்னொரு ஆளைப் போட்டால் என்ன ஆகும்" என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதை எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டால், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழி, அதாவது டேட்டாவையும் அதன் செயல்களையும் சேர்த்து ஆப்ஜெக்ட் என்ற ஒரே அலகாக வைக்கும் மொழி, ஏதாவது ஒன்று என்பார்கள். தப்பில்லை, ஆனால் அரைப் பதில். கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுக்கான வார்ப்பு) இருக்கிறதா, இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசாவது) இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது வேறொன்று: ஒரு ஆப்ஜெக்ட்டின் மெதட், அதாவது அதன் செயல், பாதியில் நின்று, பிறகு நின்ற இடத்திலிருந்தே தொடர முடியுமா? வெப்பில் சிமுலேஷன் எழுதியவர்கள் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு வசதி கையில் இல்லாததால் வந்தது.

கடிகாரம் தாவித் தாவிப் போகும்

சிமுலேஷனுக்குள் ஓடும் நேரம் நம் சுவர்க் கடிகாரம் போல நொடி நொடியாக நகர்வதில்லை. எதுவும் நடக்காத நேரத்தை அது தாண்டிவிடுகிறது. இனி நடக்கப்போகும் நிகழ்வுகளை நேரத்தோடு ஒரு பட்டியலில் குறித்து வைத்திருப்பார்கள். அதில் மிக அருகில் உள்ளதை எடு, கடிகாரத்தை அந்த நேரத்துக்கு நகர்த்து, அந்த நிகழ்வு என்ன செய்யுமோ அதைச் செய், அதனால் புதிய நிகழ்வுகள் பிறந்தால் பட்டியலில் சேர், மறுபடி முதலிலிருந்து. மொத்த எந்திரமும் இவ்வளவுதான். ஒரு மாத நடப்பு ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவது இதனால்தான்.

கையாலேயே ஒன்று ஓட்டிப் பார்ப்போம். நால்வர் வருகிறார்கள், 0, 3, 4, 11 ஆகிய நிமிடங்களில். அவர்களுக்கு ஆகும் சேவை நேரம் முறையே 5, 4, 2, 3 நிமிடம். முதலாமவர் வந்தவுடன் கவனிக்கப்பட்டு 5-இல் போகிறார். இரண்டாமவர் 3-இல் வந்து, 2 நிமிடம் நின்று, 9-இல் போகிறார். மூன்றாமவர் 4-இல் வந்து 5 நிமிடம் நிற்கிறார், 11-இல் போகிறார். நான்காமவர் வருவதும் அதே 11-இல்.

இங்கேதான் சிக்கல். 11-ஆம் நிமிடத்தில் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. 'ஒருவர் போகிறார்' என்பதை முதலில் எடுத்தால், நான்காமவர் காலியான கவுன்ட்டருக்கு நேராகப் போகிறார். 'ஒருவர் வருகிறார்' என்பதை முதலில் எடுத்தால், அவர் வரிசையில் சேர்ந்து அதே நொடியில் வெளியே வருகிறார். காத்திருப்பு இரண்டிலும் பூஜ்யம்தான். ஆனால் "வந்தபோது கவுன்ட்டர் காலியில்லை என்று வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர்" என்ற கேள்விக்கு ஒன்றில் 2, மற்றதில் 3 என்று விடை வரும். எது சரி என்பது மாடலை எழுதுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு. அவர் எடுக்காவிட்டால் அவருக்காக அந்தப் பட்டியலை வைத்திருக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர் எடுத்துவிடும்.

நிஜமாகவே எடுக்கும். முன்னுரிமைப்படி எடுத்துத் தரும் ஜாவாவின் பிரயாரிட்டிகியூ கிளாஸ், சம மதிப்புள்ளவற்றில் எதை முதலில் தரும் என்று எந்த உறுதியும் தருவதில்லை. ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நிகழ்வு ஆப்ஜெக்ட்டிலும் நேரம், முன்னுரிமை, பட்டியலில் சேர்ந்த வரிசை எண் என்ற மூன்றையும் வைத்து, அந்த வரிசையிலேயே ஒப்பிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ளமைந்த ஹீப், அதாவது மிகச் சிறியதைச் சட்டென்று எடுத்துத் தரும் அமைப்பு, கிடையாது. பலரும் அவசரத்துக்கு ஒரு அர்ரேயை வைத்துக்கொண்டு நிகழ்வு சேரும்போதெல்லாம் சார்ட் செய்கிறார்கள். நூறு நிகழ்வு வரை தெரியாது, பிறகு மூச்சு வாங்கும். பைனரி ஹீப் ஒன்றை எழுத ஐம்பது வரி போதும். பட்டியலில் 10 லட்சம் நிகழ்வுகள் இருந்தாலும் ஒன்றை உள்ளே செருகச் சுமார் 20 ஒப்பீடுகளுக்கு மேல் ஆகாது.

நேரத்தை எப்படிச் சேமிப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். 1-ஆம் நிமிடத்தில் ஷிஃப்ட் மாறவேண்டும், அதே நிமிடத்தில் ஒரு வேலை முடியவேண்டும் என்று எழுதியிருந்தால், ஒன்று மற்றதற்கு மயிரிழை முன்னால் நடந்துவிடும், ஏன் என்று யாருக்கும் புரியாது. நேரத்தை மில்லிசெகண்டில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது. அந்த மொழி பிசகாமல் தாங்கும் முழு எண்ணின் வரம்பு, மில்லிசெகண்டாகப் பார்த்தால் 2.85 லட்சம் ஆண்டுகளுக்கு வரும். எந்த மாடலுக்கும் போதும்.

நிகழ்வாகச் சொல்வதா, கதையாகச் சொல்வதா

ஒரே மாடலை இரண்டு விதமாக எழுதலாம். முதலாவது, நிகழ்வு நிகழ்வாக. 'வருகை' என்று ஒரு கிளாஸ், 'சேவை முடிவு' என்று இன்னொன்று, இரண்டும் 'நிகழ்வு' என்ற பொது கிளாஸின் வாரிசுகள், ஒவ்வொன்றிலும் 'நடத்து' என்ற மெதட். பட்டியலைச் சுற்றிவரும் முக்கிய லூப்புக்கு எது எந்த வகை என்றே தெரிய வேண்டாம். எடுத்ததன் 'நடத்து' மெதட்டைக் கூப்பிட்டால் போதும். பாலிமார்ஃபிஸத்துக்கு (ஒரே அழைப்பு, வகைக்கேற்ற செயல்) இதைவிடச் சுத்தமான உதாரணம் பாடப் புத்தகத்தில்கூடக் கிடைக்காது. இதற்கு எந்த விசேஷ வசதியும் தேவையில்லை, எந்த மொழியிலும் ஓடும்.

குறை என்னவென்றால், ஒரு வாடிக்கையாளரின் கதை துண்டு துண்டாகச் சிதறிவிடும். அவர் வருவது ஒரு கிளாஸில், காத்திருப்பது இன்னொன்றில், பொறுமையிழப்பது மூன்றாவதில். ஆறு கட்டங்கள் உள்ள ஒரு தயாரிப்பு வரிசையை இப்படி எழுதிவிட்டு, மூன்று மாதம் கழித்து நாலாவது கட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு பரிசோதனையைச் செருகச் சொன்னால் எழுதியவரே திணறுவார்.

இரண்டாவது விதம், ஆப்ஜெக்ட்டே தன் கதையைச் சொல்வது. வாடிக்கையாளர் என்று ஒரு கிளாஸ், அதன் 'வாழ்' மெதட்டில் வரிசையாக: கவுன்ட்டரைக் கேள், கிடைக்கும்வரை நில், 4 நிமிடம் கழியட்டும், கவுன்ட்டரை விடு, கிளம்பு. மேலிருந்து கீழே ஐந்து வரி. படிக்கிறவருக்கு நிரலாக்கம் தெரியாவிட்டாலும் புரியும். மாடல் சரியா என்று துறை ஆட்களிடம் காட்டிக் கேட்க முடிகிற வடிவம் இதுதான். அதனாலேயே நான் இந்தக் கட்சி.

ஆனால் இதில் '4 நிமிடம் கழியட்டும்' என்ற வரியில் அந்த மெதட் நின்றுவிட வேண்டும். அதன் லோக்கல் வேரியபிள்கள் அப்படியே இருக்க, கட்டுப்பாடு கடிகாரத்திடம் திரும்ப வேண்டும். நடுவில் மற்ற முன்னூறு பேரின் மெதட்கள் ஓடி, நின்று, ஓடி முடிய, 4 நிமிடம் ஆனதும் இவர் விட்ட வரியிலிருந்து எழ வேண்டும். சாதாரண மெதட் அழைப்பில் இது நடக்காது. கூப்பிட்டால் முடித்துவிட்டுத்தான் திரும்பும். இதற்குக் கோரூட்டீன், அதாவது பாதியில் நின்று தொடரத் தெரிந்த ஃபங்ஷன், வேண்டும்.

ஆஸ்லோவில் இரண்டும் சேர்ந்தே பிறந்தன

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் நிரலாக்கம் பிறந்ததே சிமுலேஷனுக்காகத்தான் என்பது பலருக்கும் தெரியும். நார்வேயின் கணினி மையத்தில் கிறிஸ்டன் நீகோர், ஓலே-யோஹான் டால் இருவரும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். நீகோர் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் செய்து வந்தவர், சிமுலேஷன்தான் அவருக்கு வேலை. யுனிவாக் 1107 கணினியில் ஓடிய முதல் சிமுலாவில் புராசஸ் என்ற கருத்து ஏற்கெனவே இருந்தது. அப்போது ஐபிஎம்மில் ஜெஃப்ரி கார்டன் உருவாக்கிய ஜிபிஎஸ்எஸ், ஹாரி மார்கோவிட்ஸ் முன்னின்று உருவாக்கிய சிம்ஸ்கிரிப்ட் போன்றவையும் இருந்தன. அவை சிமுலேஷனுக்கென்றே ஆனவை. சிமுலாவோ ஆல்கால் 60 என்ற பொது மொழியின் மேல் கட்டப்பட்டது.

கிளாஸுக்கு வாரிசு என்ற யோசனை பிறந்த இடம் இன்னும் சுவாரசியம். சுங்கச் சாவடி உள்ள ஒரு பாலம், அதில் வரிசையில் நிற்கும் வண்டிகள், அவை லாரியாக இருக்கலாம், பஸ்ஸாக இருக்கலாம். இந்த மாடலை எப்படி எழுதுவது என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நிற்கத் தெரிவது எல்லா வண்டிக்கும் பொது, மற்றது தனித்தனி. பொதுவானதை ஒரு முறை எழுதிவிட்டு மற்றவற்றை அதன் பின்னொட்டாக எழுதினால் என்ன? அந்தக் கேள்விதான் சிமுலா 67-இன் சப்கிளாஸ். அதாவது இன்ஹெரிட்டன்ஸே ஒரு வரிசைச் சிக்கலுக்குக் கிடைத்த விடை.

அந்த மொழியில் சிமுலேஷன் வசதி தனி விதியாக இல்லை, அதுவும் ஒரு கிளாஸ். அதற்குள் புராசஸ் என்ற கிளாஸ். உங்கள் ஆப்ஜெக்ட்டை அதன் வாரிசாக்கிவிட்டு, மெதட்டுக்கு நடுவில் 'ஹோல்ட்' என்று எழுதி நேரத்தைக் கொடுத்தால், அந்த ஆப்ஜெக்ட் அவ்வளவு நேரம் தூங்கும். 1967-இலேயே. டாலும் நீகோரும் இதற்காக 2001-ஆம் ஆண்டின் டியூரிங் விருதைப் பெற்றார்கள்.

பின்னால் வந்த மொழிகள் இந்தச் சொத்தில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. பியார்ன ஸ்ட்ரௌஸ்ட்ரூப் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஒரு சிமுலேட்டரைச் சிமுலாவில் எழுதினார். எழுதுவதற்கு அவ்வளவு சுகம், ஓடுவதற்கு அவ்வளவு பாரம். நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டரே தின்றது. இத்தனைக்கும் அவருடைய நிரலில் குப்பையே உருவாகவில்லை. கடைசியில் பிசிபிஎல் மொழியில் திருப்பி எழுதித்தான் ஆய்வை முடித்தார். 1979-இல் பெல் ஆய்வகத்தில் அவர் தொடங்கிய 'கிளாஸ்களுடன் சி' பிறகு சி++ ஆனது. அதற்கு அவர் முதலில் எழுதிய நூலகங்களில் ஒன்று கோரூட்டீன் பாணி சிமுலேஷனுக்கானது. ஆனாலும் மொழிக்குள் கிளாஸ் போய் உட்கார்ந்தது, கோரூட்டீன் வெளியில் நூலகமாக நின்றது. சி++ மொழிக்குள்ளேயே கோரூட்டீன் வர 2020-ஆம் ஆண்டுத் தரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆப்லெட் காலம்

1995-இல் ஜாவா வந்தது. வலைப்பக்கத்துக்குள் ஆப்லெட்டாக நிரல் ஓடும் என்றதும் சிமுலேஷன் உலகம் துள்ளிக் குதித்தது. 1996-இல் நடந்த விண்டர் சிமுலேஷன் மாநாட்டில் பால் ஃபிஷ்விக் வெப் சார்ந்த சிமுலேஷன் பற்றித் தனிக் கட்டுரையே வாசித்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து சிம்ஜாவா, ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து ஜேசிம், ஹாம்பர்க்கிலிருந்து டெஸ்மோ-ஜே, அப்புறம் சில்க் என்று சில ஆண்டுகளுக்குள் வரிசையாக நூலகங்கள் வந்தன. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழி, எந்தக் கணினியிலும் ஓடும், பிரவுசரிலேயே அனிமேஷன். கேட்டதெல்லாம் கிடைத்த மாதிரிதான் இருந்தது.

ஆனால் ஜாவாவில் கோரூட்டீன் இல்லை, த்ரெட் (ஆபரேட்டிங் சிஸ்டம் தனியாக ஓட்டும் வேலை இழை) இருந்தது. பாதியில் நிறுத்த அதையே பயன்படுத்தினார்கள். சிம்ஜாவாவில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு த்ரெட். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான நேரம் ஓடுவது ஒரே த்ரெட்தான், மற்றதெல்லாம் பூட்டில் தொங்கும். ஒரே நேரத்தில் பல வேலை செய்வதற்காகக் கண்டுபிடித்ததை, ஒரே நேரத்தில் ஒன்று மட்டும் நடக்கவேண்டிய இடத்தில் வெறும் இடைநிறுத்தத்துக்காகப் பயன்படுத்துவது. ஒவ்வொரு 'ஹோல்ட்'டுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு த்ரெட்டைப் படுக்கவைத்து இன்னொன்றை எழுப்ப வேண்டும். மெதட்டைக் கூப்பிடும் செலவோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. 64 பிட் லினக்ஸில் ஜாவா த்ரெட் ஒன்றுக்கு ஒதுக்கப்படும் ஸ்டாக்கின் (அதன் வேலை நினைவகத்தின்) இயல்பு அளவு 1 மெகாபைட். பத்தாயிரம் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கிற மாடலை இப்படி ஓட்டுவது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். த்ரெட்டை நேரடியாக நிறுத்தி எழுப்பும் சஸ்பெண்ட், ரெஸ்யூம் மெதட்களையும், டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து உறைந்துபோவது) ஆபத்து என்று, ஜாவா 1.2-இலேயே இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் பெரிய மாடல் எழுதியவர்கள் மறுபடி நிகழ்வுப் பாணிக்கே திரும்பினார்கள். ஆப்லெட்டும் நிலைக்கவில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் தொல்லையாகி, 2015-இல் குரோம் அந்தப் பிளக்இன் வழியையே அடைத்தது, 2017-இல் ஜாவா 9 ஆப்லெட்டை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. அந்த நூலகங்களோடு வந்த அழகான டெமோ பக்கங்களில் இன்று சாம்பல் நிறக் கட்டம்கூடத் தெரியாது. ஜாவாவில் இப்போது விஷயம் சரியாகிவிட்டது. 2023-இல் வந்த ஜாவா 21-இல் உள்ள விர்ச்சுவல் த்ரெட் மிக மலிவு, லட்சக்கணக்கில் உருவாக்கலாம். ஆனால் பிரவுசரில் இல்லை, சர்வரில்.

சர்வரில் ஓட்டுவதும் வெப் சிமுலேஷன்தானே என்றால், ஆமாம். மாடல் ரகசியமானது, டேட்டா வெளியே போகக் கூடாது, ஒரு ஓட்டத்துக்கு அரை மணி நேரம் ஆகும் என்றால் அதுதான் வழி. பக்கம் அளபுருக்களை (ஸ்லைடரில் வைத்த மதிப்புகளை) அனுப்பும், விடையை வாங்கிப் படம் வரையும், அவ்வளவுதான். மற்ற சமயங்களில், ஸ்லைடரை நகர்த்தியவுடன் விடை மாற வேண்டுமென்றால், பார்க்கிறவரின் கணினியிலேயே ஓட்டுவதுதான் மேல். ஆயிரம் பேர் பார்த்தாலும் உங்கள் சர்வருக்கு வேலை இல்லை.

ஜாவாஸ்கிரிப்டுக்கு யீல்ட் வந்தபோது

பைத்தான் இதில் முந்திக்கொண்டது. 2001 கடைசியில் வந்த பைத்தான் 2.2-இல் ஜெனரேட்டர் சேர்ந்தது, மறு ஆண்டே அதன்மேல் சிம்பை என்ற சிமுலேஷன் நூலகம் வந்துவிட்டது. 'யீல்ட்' என்ற சொல் இருக்கும் ஃபங்ஷன் அந்த இடத்தில் நின்று, கேட்டால் தொடரும். புத்தகத்தில் அடையாளத் தாளை வைத்துவிட்டு எழுந்துபோவது போல. சிமுலாவின் ஹோல்ட்டுக்கு இது மிக அருகில் வருகிறது.

பிரவுசரின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இது வந்தது அதன் எக்மாஸ்கிரிப்ட் 2015 தரத்தில். அதே தரத்தில்தான் 'கிளாஸ்' என்ற எழுத்துமுறையும் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தது. 1967-இல் ஒன்றாக இருந்த இரண்டும் பிரவுசரில் ஒரே நாளில் திரும்பச் சேர்ந்தன என்று சொல்லலாம். வாடிக்கையாளர் கிளாஸின் 'வாழ்' மெதட்டுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அது ஜெனரேட்டர் மெதட். கடிகாரம் அதன் 'நெக்ஸ்ட்'டைக் கூப்பிடும், அது ஒரு கோரிக்கையை யீல்ட் செய்துவிட்டு உறங்கும். கோரிக்கை '4 நிமிடம்' என்றால் கடிகாரம் பட்டியலில் குறித்துக்கொள்ளும், 'கவுன்ட்டர்' என்றால் அந்தக் கவுன்ட்டர் ஆப்ஜெக்ட்டின் வரிசையில் நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. 'ஹோல்ட்' என்ற ஃபங்ஷனை யீல்ட் இல்லாமல் கூப்பிட்டுவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. அது ஒரு கோரிக்கை ஆப்ஜெக்ட்டை உருவாக்கித் தரும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள், அடுத்த வரி ஓடும். சேவை நேரம் பூஜ்யமாகிவிடும். மாடல் ஓடும், படம் வரும், காத்திருப்பு ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஒரு மெதட் இன்னொன்றைக் கூப்பிட்டு, அது நிற்க வேண்டியிருந்தால், இரண்டும் ஜெனரேட்டராக இருந்து 'யீல்ட் நட்சத்திரம்' போட்டு இணைக்க வேண்டும், நடுவில் ஒன்று விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். முதலில் சொன்ன எம்/எம்/1 கணக்கை ஓட்டி 16 நிமிடம் வருகிறதா என்று பார்ப்பது இந்தத் தவறைப் பிடிக்க நல்ல வழி. நீண்ட ஓட்டமாக இருக்க வேண்டும், தொடக்கப் பகுதியை வெட்டி எறிய வேண்டும். காலியான கவுன்ட்டரில் தொடங்குவதால் முதல் கொஞ்ச நேரம் காத்திருப்பு எப்போதும் குறைத்தே காட்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் காத்திருப்பதற்கென்றே உள்ள அசிங்க்-அவெய்ட்டில் எழுதினால் இன்னும் அழகாக இருக்குமே என்று சிலர் போகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதன் பின்னால் உள்ள பிராமிஸ் (பிறகு வரப்போகும் விடைக்கான ஆப்ஜெக்ட்) எப்போது தொடரும் என்பதை மைக்ரோடாஸ்க் என்ற பிரவுசரின் சொந்த வேலை வரிசை முடிவு செய்கிறது. உங்கள் நிகழ்வுப் பட்டியல் ஒன்று, அதன் பட்டியல் ஒன்று என்று இரண்டு எஜமானர்கள் ஆகிவிடுவார்கள். 11-ஆம் நிமிடச் சிக்கலை நீங்கள் ஒரு விதமாகத் தீர்த்திருக்க, அது வேறு விதமாகத் தீர்க்கும். ஜெனரேட்டரில் எல்லாம் உங்கள் லூப்பின் கையில்.

அதைவிட மோசம், சிமுலேஷன் நேரத்தைப் பிரவுசரின் நிஜ நேர டைமரான செட்டைம்அவுட் வைத்து ஓட்டுவது. புதிதாக எழுதுகிறவர்கள் பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள். 'நிமிடம் ஒன்றுக்கு ஒரு நொடி' என்று வைத்தால் ஒரு மாதத்தைப் பார்க்க 12 மணி நேரம் உட்கார வேண்டும். பின்னணிக்குப் போன டேபில் டைமரைப் பிரவுசர் நொடிக்கு ஒன்று என்று இறுக்கிவிடும், அதனால் பார்க்கிறவர் வேறு டேபுக்குப் போய்வந்தால் விடையே மாறும். மாடலின் கடிகாரமும் பக்கத்தின் கடிகாரமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. மாடல் முழு வேகத்தில் ஓடி, எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஒரு பதிவை எழுதட்டும். பக்கம், திரையை வரையும் ஒவ்வொரு முறையும் கூப்பிடும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் வைத்து அந்தப் பதிவை விரும்பிய வேகத்தில் திரையில் ஓட்டட்டும். பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி இதில் இலவசம்.

முழு வேகத்தில் ஓடினால் பக்கம் உறைந்துவிடும் என்பதால் மாடலைப் பக்கத்துக்குப் பின்னால் தனியாக ஓடும் வெப் வொர்க்கரில் போடுவார்கள். அங்கே ஆப்ஜெக்ட் ஓரியன்டட் ஆட்கள் ஒரு முறையாவது திகைப்பார்கள். வொர்க்கரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட்டைப் போஸ்ட்மெசேஜில் அனுப்பினால், வந்து சேர்வது அதன் டேட்டா மட்டும். கிளாஸும் மெதட்டும் வழியில் உதிர்ந்துவிடும். ஜெனரேட்டரையே ஒரு ஃபீல்டாக வைத்திருந்தால் அனுப்பவே முடியாது, எரர் வரும். கதைப் பாணியின் நிஜமான விலை இதுதான்: பாதியில் நிற்கும் ஜெனரேட்டரைப் பிரதி எடுக்கவோ கோப்பில் சேமிக்கவோ வழியில்லை. ஓட்டத்தை நடுவில் நிறுத்தி, நாளைக்குத் தொடர வேண்டும், அல்லது இந்த இடத்திலிருந்து இரண்டு கிளைகளாகப் பிரித்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் நிகழ்வுப் பாணியே கதி. அதில் நிலைமை முழுக்க டேட்டா, ஜேசான் என்ற உரை வடிவில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வேகம் இன்னும் வேண்டுமென்றால் சி++ அல்லது ரஸ்ட்டில் எழுதி, பிரவுசர் வேகமாக ஓட்டும் வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றலாம். சிம்பை மாடலைப் பையோடைட் (பிரவுசருக்குள் ஓடும் பைத்தான்) வழியாகப் பிரவுசரிலேயே ஓட்டவும் செய்கிறார்கள், முதலில் பைத்தானையே டவுன்லோட் செய்ய வேண்டியிருப்பதுதான் அதில் இடைஞ்சல். என் அனுபவத்தில் பெரும்பாலான கற்பித்தல் மாடல்களுக்கும் முடிவெடுக்கும் மாடல்களுக்கும் வெறும் ஜாவாஸ்கிரிப்டே தாராளம்.

அதே லிங்க், அதே விடை

வெப்பில் வைப்பதன் பெரிய லாபம், அளபுருக்களை லிங்க்கிலேயே வைத்து அனுப்பலாம் என்பது. நான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும். இதற்கு ஜாவாஸ்கிரிப்டில் தற்செயல் எண் தரும் மேத்.ரேண்டம் உதவாது, அதற்கு சீட் (அதே எண்களைத் திரும்ப வரவைக்கும் தொடக்க எண்) கொடுக்க வழியில்லை. சொந்தமாக ஒன்று வேண்டும். பியர் லெகுயே உருவாக்கிய எம்ஆர்ஜி32கே3ஏ என்ற தற்செயல் எண் முறை இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. அதன் பெருக்கல்களில் ஒரு பக்கம் 21 பிட்டுக்குள், மறுபக்கம் 32 பிட்டுக்குள் இருப்பதால் பெருக்குத்தொகை 53 பிட்டைத் தாண்டாது. ஜாவாஸ்கிரிப்டின் எண்கள் பிசகாமல் தாங்குவது அந்த 53 பிட்தான். அதன் நீண்ட எண் தொடரை ஒன்றின்மேல் ஒன்று விழாத ஓடைகளாகப் பிரித்துக்கொள்ளவும் முடியும்.

அந்த ஓடைகளை ஆப்ஜெக்ட்டாக்கி, வருகைக்கு ஒன்று, சேவை நேரத்துக்கு ஒன்று, பொறுமைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே ஓடையிலிருந்து எடுத்தால், இரண்டாவது கவுன்ட்டரைத் திறந்தவுடன் எண்கள் எடுக்கப்படும் வரிசை மாறி, வருகிறவர்களின் நேரமும் மாறிவிடும். ஒரு கவுன்ட்டரையும் இரண்டு கவுன்ட்டரையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு நாள்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். தனி ஓடை இருந்தால் அதே ஆட்கள், அதே நிமிடத்தில், அதே வேலையோடு இரண்டு அமைப்புக்கும் வருவார்கள். வித்தியாசம் கவுன்ட்டரால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

இவ்வளவு செய்தபின்னும், ஒரே சீட்டில் இரண்டு பிரவுசர்கள் எப்போதாவது வெவ்வேறு விடை தரலாம். எக்ஸ்போனென்ஷியல் எண்ணை உருவாக்க லாகரிதம் வேண்டும். எக்மாஸ்கிரிப்ட் தரம் மேத்.லாக் இத்தனை துல்லியமாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை, தோராயமாக்கும் முறையைப் பிரவுசரிடம் விட்டுவிடுகிறது. கடைசி இலக்கத்தில் வரும் வித்தியாசம் இரண்டு நிகழ்வுகளின் வரிசையை மாற்றினால் அதன்பின் எல்லாமே வேறு வழியில் போகும். ஜாவாவில் இதற்கென்றே ஸ்ட்ரிக்ட்மேத் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது, எந்தக் கணினியிலும் ஒரே பிட்களைத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரிதான். அவற்றை மட்டும் வைத்து எழுதிய ஒரு லாக் ஃபங்ஷனை மாடலோடு சேர்த்தே அனுப்பிவிட வேண்டியதுதான்.